தேக்காவில் ஓசிச் சோறா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்தார். போன தை மாதம் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. இப்போது டார்மை (கம்பெனி தந்த தொழிலாளர் விடுதியை) விட்டு வெளியேறி யாரோடோ அறையில் தங்கியிருக்கிறார். வேலைக்குப் போகவில்லை. அங்கே லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஒரு சங்கம் இலவசமாகச் சாப்பாடு போடுகிறதாம். "சிங்கப்பூர் போய் ஓசிச் சோறு சாப்பிடுகிறான்" என்று ஊரில் பேசுகிறார்கள். திரும்பி வரச் சொல்லட்டுமா?
– ஒரு வாசகி, பேராவூரணி

பதில்: சொல்லாதீர்கள் தங்கச்சி. பேசுகிறவர்கள் பேசட்டும்.

அந்தச் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, நம் ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையைச் சில வருஷம் செய்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உதவும் டி.டபிள்யூ.சி.2 என்ற அமைப்பு நடத்தும் சாப்பாடு அது. 2001இல் அங்கே ஓர் இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண்ணை முதலாளி அடித்தே கொன்றுவிட்டார். அந்த அதிர்ச்சியில் கூடிய சிலர்தான் பிறகு இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். சாப்பாட்டுத் திட்டம் 2008இல் கஃப் ரோட்டில் ஆரம்பித்தது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பங்களாதேஷ்காரர்களும் நம்மவர்களும். எல்லோரும் ஏதோ ஒரு வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். ஒருவருக்கு விரல் போயிருக்கும், ஒருவருக்கு முதுகெலும்பு, இன்னொருவருக்கு ஆறு மாதச் சம்பளம்.

அவர் ஏன் வேறு வேலை தேடிக்கொள்ளவில்லை என்று உங்களைக் கேட்பார்கள். தேடினால் குற்றம். வேலை பெர்மிட் ரத்தானதும் ஸ்பெஷல் பாஸ் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வேலை செய்யக் கூடாது. ஊருக்கு அனுப்பும்வரை தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் இழப்பீடு கேட்டவனைக் கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக விமானம் ஏற்றிவிடுமோ என்ற பயத்தில்தான் நிறைய பேர் டார்மை விட்டு வருகிறார்கள். வந்துவிட்டால் அந்தச் சாப்பாடும் இல்லை, படுக்கையும் இல்லை. வெறும் வயிற்றோடு எத்தனை மாதம் ஒருவரால் வழக்கு நடத்த முடியும்? பசி தாங்காமல் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் அங்கே இட்லியும் சோறும் போடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் கார்டில் பணம் ஏற்றிக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

உங்கள் கணவருக்குச் சேர வேண்டியது என்ன? அங்கே வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையில் அடிபட்டதாக இருந்தால் போதும், முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மருத்துவச் செலவு ஒன்று. டாக்டர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்த நாட்களுக்குச் சம்பளம் இரண்டாவது: ஆஸ்பத்திரியில் படுக்காமல் வெளியே இருந்தால் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம், அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் ஒரு வருஷம்வரை. கை பழையபடி ஆகவில்லை என்றால், ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் கணக்கிட்ட பிறகு மொத்தமாக ஒரு தொகை. இந்தக் கடைசிக் கணக்குத்தான் நாள் பிடிக்கும். காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்தால்தான் சதவீதம் போட முடியும். பெர்மிட்டை ரத்து செய்தாலும் இந்த உரிமை போகாது. ஊருக்கு வந்தாலும் போகாதுதான், ஆனால் பேராவூரணியில் இருந்துகொண்டு சிங்கப்பூர் டாக்டரிடம் கையைக் காட்டுவது எப்படி?

சிலருக்கு இரண்டு நாள் எம்.சி. போட்டுவிட்டு மீதிக்கு 'லைட் டூட்டி' என்று எழுதிவிடுவார்கள். முன்பெல்லாம் அந்த நாட்களுக்கு ஒன்றும் கிடைக்காது. 2020 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அதுவும் கணக்கில் வரும்.

உங்களால் ஆகும் உதவி ஒன்று இருக்கிறது. எம்.சி. சீட்டு, ஐ.பி.ஏ. கடிதம் (வேலைக்கு வருமுன் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் ஒப்புதல் கடிதம்), சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போன் தொலைந்தாலும் வீட்டில் ஒரு படி இருக்கும். எழுதாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அப்புறம், வழக்கைச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று ஊரில் யாராவது பணம் கேட்டு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் வேண்டாம்.

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் வேலைக்கு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்கிறார். ஏதாவது பிரச்சினை வந்தால் அங்கே யாரிடம் போவது?
– ஐ.டி.ஐ. முடித்தவர், அறந்தாங்கி

பதில்: பிரச்சினையே மூன்று லட்சத்தில்தானே தம்பி தொடங்குகிறது. சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒரு வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. அறந்தாங்கியில் கைமாறும் பணத்தை அந்தச் சட்டம் எட்டாது. அதனால் கொடுப்பது எவ்வளவானாலும் வங்கி வழியாகவே கொடு. ரொக்கம் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஏஜெண்டை எனக்குப் பிடிக்காது.

விமானம் ஏறுமுன் ஐ.பி.ஏ. கடிதம் தமிழிலும் உன் கைக்கு வர வேண்டும். வாயில் சொன்ன சம்பளத்தை மறந்துவிடு, அதில் அடிப்படைச் சம்பளம் என்று என்ன போட்டிருக்கிறது என்று பார். உன் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அதைக் குறைக்க முடியாது. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு. லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் வரி, முதலாளி கட்டவேண்டியது, உன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டையும் உன்னிடமே வைத்துக்கொள். தினமும் எத்தனை மணிக்கு லாரி ஏறினாய், எத்தனை மணிக்கு வேலை முடிந்தது, எந்த சைட் என்று ஒரு சின்ன நோட்டில் எழுது. நான் பார்த்த சம்பள வழக்குகளில் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் பேச வாய் இருந்தது.

போக வேண்டிய இடங்கள்: மனிதவள அமைச்சு, புலம்பெயர் தொழிலாளர் மையம் (எம்.டபிள்யூ.சி.), டி.டபிள்யூ.சி.2, ஹோம் என்ற தொண்டு அமைப்பு. சம்பளப் புகார் என்றால் வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பொங்கல் கழியட்டும், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டால் முதல் மாதச் சம்பளம் கணக்கிலிருந்தே நழுவிவிடும்.

கேள்வி: நம் ஊரில் வேலைபார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இப்படி உதவி கேட்டுப் போக ஓர் இடம் இருக்கிறதா?
– பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்

பதில்: பக்கத்து மாநிலத்தில் பாருங்கள். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 2019இல் கேரள அரசு அவர்களுக்காகவே 'அப்னா கர்' என்று விடுதி கட்டியது. மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தியாவில் 1979இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் சார். இந்தியும் தமிழும் படிக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். ஞாயிறு மாலை ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஆனால் உங்கள் கம்பெனி வாசலில் போடாதீர்கள், முதலாளியின் கண் படும் இடத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிற தெருவாகப் பாருங்கள்.