வெள்ளையடித்த சிமென்ட் ஜாலிக்குள் கம்பி எப்படி இருக்கிறது?

இந்த முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய கட்டடங்களில் இருக்கும் மெல்லிய சிமென்ட் வேலையைப் பற்றியவை: ஜாலி, சன்ஷேடு, கம்பி வலை வைத்துப் பூசிய கூரை. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா காலத்து வீடு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒன்றரை அங்குல சிமென்ட் ஜாலி வரிசை. சுத்தியல் கருவி வைத்துப் பார்த்த இன்ஜினியர் 'நல்ல பலம்' என்கிறார். ஆனால் முடி போன்ற விரிசல்களில் பழுப்புக் கறை தெரிகிறது. எதை நம்புவது? (செவ்வாய்ப்பேட்டை)

கறையை நம்புங்கள். அடித்ததும் எவ்வளவு எகிறுகிறது என்பதை வைத்துப் பலத்தைச் சொல்லும் அந்த ரீபவுண்ட் சுத்தியல் 100 மி.மீ.க்குக் குறையாத கனத்துக்கு உரியது. ஒன்றரை அங்குல ஜாலியில் அடித்தால் ஜாலியே லேசாக அதிரும், எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

இன்னொரு சங்கதியும் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பைச் சுண்ணாம்புக்கல்லாக்கும். மேல்தோல் இறுகுவதால் சுத்தியல் நல்ல மதிப்பெண் போடும். ஆனால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை அதே வினையால்தான் குறைகிறது. காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12-க்கு மேல் இருந்தது 9-க்குக் கீழே போய்விடும். வயசான சிமென்ட்டுக்கு அந்த ரிப்போர்ட் மார்க் அதிகமாகப் போடுவது இதனால்தான். மரப்பிடியால் ஜாலி முழுக்க மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் மேல்பூச்சு கம்பியை விட்டு விலகியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள்.

சிமென்ட்டில் காரம் மிச்சம் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் பினாப்தலீன் சோதனையை நாமே செய்யலாமா? (அம்மாப்பேட்டை)

தாராளமாக. ஸ்கூல் லேபில் பார்த்த அதே திரவம்தான். ஒரு காலத்தில் இதையே பேதி மாத்திரையில் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது கையுறை போட்டுத் தொடச் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே விரிசல் விட்ட, கண்ணில் படாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். உளியால் சிறு துண்டு பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் தெளியுங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது. நிறம் மாறாத ஓரம் காரம் இழந்த பகுதி. அது எத்தனை மி.மீ. என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளங்கள். ஜாலிக்கு இரண்டு பக்கமும் காற்று படும், இரண்டையும் அளக்கணும். நம் ஊரில் ஒரு வில்லங்கம்: பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் காரமாக இருந்தால் அந்த மேல்படலம் சிவக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிமென்ட் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து அளக்கவும்.

அப்புறம் கணக்கு. கார இழப்பின் ஆழம் வருஷத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும். 50 வருஷத்தில் 10 மி.மீ. போயிருந்து, கம்பி 15 மி.மீ. ஆழத்தில் இருந்தால், அங்கே எட்ட மொத்தம் 112 வருஷம் போல ஆகும். விரிசல் இல்லாத இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. விரிசல் இருந்தால் காற்று நேரே உள்ளே போய்விடும்.

பங்களாவின் எல்லா சன்ஷேடும் ஒரே வயசு. வெயில் படும் பக்கம் நன்றாக இருக்கிறது. மரநிழல் பக்கம் மட்டும் உரிந்து கம்பி தெரிகிறது. (ஏற்காடு)

சேலத்தின் மிதமான ஈரத்தில் கரியமில வாயு வேகமாக உள்ளே போகும். ஆனால் காரம் போன பிறகும் துரு பிடிக்க ஈரம் வேண்டும். ஏற்காட்டில் பனிமூட்டமும் பாசியும் நிழல் பக்கத்தைக் காயவே விடுவதில்லை. அதனால் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகச் சோதியுங்கள், சராசரி எடுத்தால் உண்மை மறைந்துபோகும். முதல் வேலையாக சன்ஷேடின் அடியில் நீர் சொட்டி விழும் காடி இருக்கிறதா, பெயின்ட் அப்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் வியாதியே அதுதான்.

கோழிவலைக் கம்பி வைத்துப் பூசிய மெல்லிய கூரையில், உள்ளே துரு பிடிக்கிறதா என்று பார்க்க மின்னழுத்தச் சோதனை செய்தார்கள். மைனஸ் 420 மில்லிவோல்ட் வருகிறது, இடித்துவிடச் சொல்கிறார்கள். (ஏற்காடு)

அவசரப்படாதீர்கள். காப்பர் சல்ஃபேட் மின்முனையில் மைனஸ் 350-ஐத் தாண்டினால் துருவுக்கு 90 சதவீத வாய்ப்பு என்பது சாதாரணக் கம்பிக்கான விதி. கோழிவலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும். அதன் மின்னழுத்தமே அதைவிட மைனஸ் பக்கம். இரண்டு இடத்தில் சிறிதாகத் திறந்து, வலையில் வெள்ளைப் பொடியா (துத்தநாகம் அரிப்பது) செந்துருவா (உள்ளே இரும்பு அரிப்பது) என்று கண்ணால் பாருங்கள்.

இப்படிக் கம்பி வலை வைத்துப் பூசிய வேலை எத்தனை வருஷம் தாங்கும்?

லாம்போ என்பவர் 1848-இல் பிரான்சில் கம்பி வலையில் சிமென்ட் பூசிச் செய்த படகு பிரிஞோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செறிவான கலவையைப் போட்டு நன்றாகத் தட்டி இறுக்கியிருந்தால் 2–5 மி.மீ. மேல்பூச்சே போதும். மோசமான கலவைக்கு 20 மி.மீ.யும் போதாது.

சேலம் வெள்ளைக்கல்லால் போட்ட பழைய தரைக்கு அடியில் கம்பி துருப்பிடிக்குமா?

வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், அந்தக் கல்லால் கெடுதல் இல்லை. ஆனால் சுட்ட மேக்னசைட்டை மெக்னீசியம் குளோரைடோடு கலந்து போட்ட தரை என்றால் கவனம், ஈரம் இறங்கும்போது குளோரைடு கீழே கம்பி வரை போய்த் துருவைக் கிளப்பும். பினாப்தலீன் இதைக் காட்டாது. ட்ரில் தூளை லேபில் கொடுத்து குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். உப்பு போர்த் தண்ணீரில் கலவை போட்ட வீட்டுக்கும் இதே சோதனைதான்.

மேலே ஒரு கோட் கெட்டி சிமென்ட் பூசிவிடலாமா?

துருவை எடுக்காமல் கூடாது. துருப்பிடித்த கம்பி உப்பிக்கொண்டே போகும், புதுப்பூச்சையும் பழைய தோலையும் சேர்த்துத் தள்ளிவிடும். கனம் கூடுவதால் கீழே விழும்போது ஆபத்தும் அதிகம். முதலில் நீர்க்கசிவை நிறுத்துங்கள், பொள்ளல் பகுதியை வெட்டி எடுத்துக் கம்பியைப் பளிச்சென்று தேயுங்கள், பிறகு அந்த இடத்தை மட்டும் பழைய கலவைக்கு ஒத்த கலவையால் அடையுங்கள். மேஸ்திரி வேலையைத் தொடங்கும் முன்னால் எல்லா ஜாலியையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.