சுவிட்சர்லாந்தில் சிப்பாய்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கிறார்களாமே, நம் ராணுவத்தில் ஏன் அப்படி இல்லை? நம் வீரர்கள் மேல் அரசுக்கு நம்பிக்கை இல்லையா?

கேள்வியின் முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால், விவரம் தெரிந்த வேறு யாராவது சொல்லட்டும் என்று கடந்து போயிருப்பேன். அந்த இரண்டாம் பாதி குத்திவிட்டது. 17 ஆண்டுகள் காலாட்படையில் இருந்தவன் நான். அதில் கடைசி 4 ஆண்டுகள் எங்கள் கம்பெனியின் ஆயுதக் கிடங்குக்கு ஹவில்தாராக இருந்தேன். கிடங்கைக் கோத் என்போம். ஆக, நீங்கள் கேட்டிருப்பது என் சாவிக்கொத்தைப் பற்றி.

உங்கள் வீட்டில் யாரோ படையில் இருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். விடுமுறையில் வந்தவரிடம் சின்ன வயதில் "துப்பாக்கி எங்கே?" என்று கேட்டு ஏமாந்திருப்பீர்கள். என்னிடம் அதைக் கேட்காத பிள்ளை கிடையாது. பிள்ளைகளை விடுங்கள், திருமணமான முதல் விடுமுறையில் என் மாமனாரே கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, பெட்டியில்தான் இருக்கிறதா?" என்று கேட்டார். பெட்டியில் இரண்டு கம்பளியும் ஒரு ஷூ பாலிஷ் டப்பாவும் இருந்தன. அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இந்தியாவில் பதில் எளிது. கிடையாது. ரைஃபிள் சிப்பாயின் பெயரில் இருக்கும், ஆனால் சிப்பாயோடு போகாது. கோத்தில் ஒப்படைத்து, பதிவேட்டில் ஏறிய பிறகுதான் விடுமுறை. இதில் ரகசியம் எதையும் நான் உடைத்துவிடவில்லை, படையில் ஒரு மாதம் இருந்த யாருக்கும் இது தெரியும்.

இதற்கும் நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறேன். காஷ்மீரில் பணியில் இருந்தபோது மாதக்கணக்கில் ரைஃபிளைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். ரோந்து போகும்போது யாரும் பறித்துவிடக் கூடாது என்று சங்கிலியால் இடுப்பு பெல்ட்டோடு பிணைத்துக்கொண்டு நடந்திருக்கிறோம். நம்பாதவன் கையில் 20 தோட்டா நிரம்பிய மேகசினை யார் கொடுப்பார்கள்? தேவைப்படும் இடத்தில் உடம்போடு ஒட்டியிருக்கும், தேவையில்லாத இடத்தில் பூட்டுக்குள் இருக்கும். இவ்வளவுதான் விதி.

சுவிட்சர்லாந்தின் கதை வேறு. அங்கே படையின் பெரும்பகுதி என்னைப் போன்ற முழுநேரச் சிப்பாய்கள் அல்ல. இளைஞன் 18 வாரம் பயிற்சி பெறுகிறான், பிறகு சில ஆண்டுகளுக்கு மூன்று மூன்று வாரமாக மறுபயிற்சிக்குப் போகிறான், மற்ற நாட்களில் அவன் தச்சன் அல்லது வங்கி ஊழியன். என் அக்கா மகன் ஜூரிக்கில் வேலைக்குப் போன புதிதில், ரயிலில் எதிர் இருக்கையில் சீருடைப் பையன் ஒருவன் ரைஃபிளை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்துப் பதறிப்போய் எனக்குப் போன் செய்தான். "மாமா, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்றான். எனக்கு வேறு கவலை. தூங்குகிறவன் கையிலிருந்து அது நழுவிவிடுமே என்று.

போர் மூண்டால் அந்தத் தச்சன் வீட்டிலிருந்து கிளம்பித் தன் படைப்பிரிவு கூடும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியிலேயே எதிரி நின்றால் சுட்டுக்கொண்டே போக வேண்டும். அதற்காகத்தான் ரைஃபிளை வீட்டில் கொடுத்து வைத்தார்கள். கூடவே முத்திரையிட்ட ஒரு டப்பாவில் 50 தோட்டாக்கள். டப்பாவைத் திறந்தால் தெரிந்துவிடும், திறந்தவன் பதில் சொல்ல வேண்டும். இந்த டப்பாவைப் பற்றித்தான் இணையத்தில் இன்னமும் பரவசத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்துபோன கதை. 2007இல் வீட்டுக்குத் தோட்டா கொடுப்பதை நிறுத்த முடிவு செய்து, கொடுத்ததையும் படிப்படியாகத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், பயிற்சி முடித்து ரைஃபிளோடு வீடு திரும்பிய ஒருவன் ஜூரிக்கில் பஸ் நிறுத்தத்தில் நின்ற 16 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றான். பெரிய விவாதம் நடந்தது. ரைஃபிளையே கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்று 2011இல் பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது 56 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். ஆகவே இன்றும் வீட்டில் இருக்கிறது. விரும்புகிறவன் கட்டணமில்லாமல் கிடங்கில் விட்டுவிடலாம்.

எஸ்தோனியாவில் தன்னார்வப் படையான கைட்செலிட்டின் உறுப்பினர்களும் வீட்டில் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ரஷ்யா இருப்பதை வரைபடத்தில் பார்த்தால் காரணம் புரியும். அமெரிக்காவிலும் சிப்பாய்கள் ரைஃபிளை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் இதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் போட்டிருக்கிறார், தவறு. அங்கே வீடு நிறைய இருப்பது சொந்தத் துப்பாக்கி. படையின் ரைஃபிள் எங்களுடையதைப் போலவே பூட்டிய அறையில்தான்.

இப்போது கோத்துக்கு வருகிறேன். பகலிலும் விளக்கு வேண்டும், எண்ணெய் வாசனை மூக்கைவிட்டுப் போகாது. ரேக்கில் ரைஃபிள்கள் வரிசையாக நிற்கும், விசைக் காப்பு வளையங்களின் ஊடாக ஒரே நீளச் சங்கிலி ஓடும். ஒவ்வொன்றின் அடிக்கட்டையிலும், பட் என்போம், வெள்ளைப் பெயிண்டில் எண். சிப்பாய்க்குத் தன் திருமண நாள் மறந்துபோகும், பட் நம்பர் மறக்காது. என்னுடையது 64. இரவில் கோத் சாவி என் பாக்கெட்டில் இருக்காது, குவார்ட்டர் கார்டில், அதாவது முகாமின் காவல் அறையில், காவலுக்குள் இருக்கும். எடுத்தால் யார், எப்போது, எதற்கு என்று எழுத வேண்டும். கணக்கு என்றால் எப்படிப்பட்ட கணக்கு? ஒருமுறை சுடுதளத்தில் ஒரே ஒரு காலி உறை குறைந்தது. சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளை, சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை ஒரு பிளட்டூனே முழங்காலிட்டுப் புல்லை விரலால் கோதியது. கடைசியில் தரைவிரிப்பின் மடிப்பிலிருந்து உருண்டு வந்தது. அன்று திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டினேன்.

அந்த விதிகளைத் திட்டுவதை நான் எப்போது விட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எல்லையில்லை, சண்டையில்லை, அமைதியான முகாம். குளிர்காலம், இரவு 9 மணி தாண்டியிருக்கும். கம்பெனி அலுவலகத்தில் அடுத்த மாதப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். படைக்கு வந்து மூன்றாவது ஆண்டில் இருந்த ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். நம் மொழிக்காரன் என்பதால் தனியாக இருக்கும்போது என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். "அண்ணா, காலையில் ரைஃபிளைச் சரியாகத் துடைக்கவில்லை. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஒரு பத்து நிமிடம் கொடுங்கள், துடைத்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன்" என்றான்.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லை. இருந்தால் முதலில் தெரிவது எனக்கு. அதைவிட, அவன் வெறுங்காலோடு நின்றான். பல் கிட்டும் குளிரில், சிமெண்ட் தரையில்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. "சாவி குவார்ட்டர் கார்டில் இருக்கிறதடா, கர்னல் சாஹிபே வந்து கேட்டாலும் எழுதித்தான் எடுக்க வேண்டும்" என்றேன். "உன்மேல் சந்தேகமாக இருக்கிறது" என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விதி என் சார்பில் மறுத்துவிட்டது. அவன் தலையை ஆட்டினான், போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "இந்தப் பேனா கோணலாகப் போகிறது, அளவுகோலைப் பிடி" என்றேன். பிடித்தான். பக்கம் பக்கமாகக் கோடு போட்டோம். நடுவில் ஒருமுறை, மாலையில் வீட்டுக்குப் போன் பேசியதாகச் சொன்னான். என்ன பேசினான் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. 11 மணிக்கு மேல் என் கம்பளியைக் கொடுத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். விடிந்ததும் சுபேதார் சாஹிபிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவல் பணிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தார், மூன்றாம் நாள் விடுமுறையில் அனுப்பிவிட்டார்.

"நீங்களாக எதையோ கற்பனை செய்துகொண்டீர்கள், பையன் உண்மையிலேயே துடைக்கத்தான் கேட்டிருப்பான்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: இருக்கலாம். எனக்கும் தெரியாது. இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். எப்போதாவது போனில் பேசுவான். அந்த இரவைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை.

இஸ்ரேலைப் பற்றி ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். அங்கே வார இறுதி விடுப்பில் போகும் சிப்பாய்கள் ரைஃபிளை வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். இளம் சிப்பாய்களின் தற்கொலைகள் கவலை தந்ததால், 2006இல் வார இறுதியில் முகாமிலேயே விட்டுப்போகச் சொல்லி நடைமுறையை மாற்றினார்கள். தற்கொலை விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. குறைந்ததில் பெரும்பகுதி வார இறுதியில் துப்பாக்கியால் நடப்பவை. வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது அந்தப் பிள்ளைகள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடவில்லை. அந்த இரவு கடந்துபோனது, அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு அளவுகோலைப் பிடித்திருந்த கைதான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டில் அரசு கொடுத்த துப்பாக்கி வீட்டில் இருக்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஜம்மு பகுதி மலைக் கிராமங்களில் 1990களின் நடுவிலிருந்து கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்குப் பழைய .303 ரைஃபிள்களைக் கொடுத்திருக்கிறார்கள். 2022இல் பெயரை மாற்றினார்கள். படை வந்து சேர்வதற்குள் ஊரே தாக்குப்பிடிக்க வேண்டிய இடம் அது. சுவிஸ் தச்சனின் கணக்கேதான்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கியில் காவலர் வேலை. உரிமத்தோடு சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். குழல் அளவு 12 போர் (bore) கொண்ட இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். பீரோவின் கீழ்த்தட்டில் பூட்டி வைத்த அன்றே என் மனைவி தன் புடவைகளை எல்லாம் அந்த பீரோவிலிருந்து எடுத்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். யாருடையதை வாங்குவது என்று மாவட்டத்தில் ஒரு பரிசீலனைக் குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. என் விஷயத்தில் கூடிய குழு, சைக்கிளில் வந்து "நாளைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிப்போன ஒரு காவலர். வங்கிக் காவலருக்கு விலக்கு உண்டே என்று சட்டம் பேசாதீர்கள், நான் அங்கேயே பேசிப் பார்த்தேன். துப்பாக்கி இல்லாதவனுக்கு வங்கியில் வேலை இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தேன். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று மூன்று முறை இதே கதை. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு. 17 ஆண்டுகளில் என் 64இல் ஒரு புள்ளி துரு இருந்தது என்று எந்த அதிகாரியும் எழுதியதில்லை. சாக்கில் சுற்றி ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள் அவர்கள்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து துடைத்தேன். அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை, துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ரசீதைப் பத்திரப்படுத்த பீரோவைத் திறந்தால், கீழ்த்தட்டை ஈரத்துணியால் துடைத்துப் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. புடவைகள் கட்டிலின் மேல் மடித்துத் தயாராக இருந்தன.