போர்ட்-ஃபார்வர்டில் பதில் வருகிறது, மெஷ்ஷுக்குள் 503 வருகிறது. ஏன்?

கேள்வி: சேர், நான் ஹட்டனில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். தோட்டங்களுக்காகக் கொழுந்து நிறுவையையும் பேர்க் கணக்கையும் (ஒரு நாள் சம்பளம் ஒரு பேர்) பதியும் மென்பொருளைச் செய்கிறோம். இரண்டும், புரோகிராம்களைக் கொள்கலன்களாக ஓட்டும் குபெர்னெட்டீஸில் தனித்தனிச் சேவைகள். சேவைகளுக்கிடையிலான போக்குவரத்தைக் கையாளும் மெஷ்ஷான இஸ்டியோவில் சேர்த்துவிட்டுப் பார்த்தால், பேர்க் கணக்குச் சேவை நிறுவைச் சேவையைக் கூப்பிடும்போதெல்லாம் 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற பிழை வருகிறது. போர்ட்-ஃபார்வர்ட் போட்டு என் லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் அதே நிறுவைச் சேவை ஒழுங்காகப் பதில் தருகிறது. புரோகிராமின் பக்கத்தில் இஸ்டியோ வைக்கும் இடைநிலை ப்ராக்ஸியான சைட்காரில் எதை மாற்றுவது?

பதில்: போர்ட்-ஃபார்வர்டில் வேலை செய்கிறது என்று எழுதினீர்களே, அதுதான் பெரிய துப்பு. போர்ட்-ஃபார்வர்ட் பாடுக்குள் (pod, அதாவது குபெர்னெட்டீஸில் புரோகிராம் ஓடும் அலகு) நுழைந்து, அங்குள்ள லோக்கல்ஹோஸ்டில் (127.0.0.1, பாடுக்குள் மட்டும் எட்டும் முகவரி) கதவைத் தட்டும். அங்கே பதில் கிடைத்து மற்றப் பாடுகளுக்குக் கிடைக்கவில்லை என்றால், உங்கள் புரோகிராம் 127.0.0.1-ல் மட்டும் லிசன் செய்கிறதா, அதாவது கோரிக்கைக்குக் காத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பாதையைப் பாருங்கள். பாடுக்கு வரும் கோரிக்கையை ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் வலையமைப்பு விதிகள் மறித்து, 15006 போர்ட்டில் இருக்கும் என்வாய் ப்ராக்ஸியிடம் (சைட்கார் என்பது இதுதான்) கொடுக்கின்றன. வெளியே போவதற்கு 15001. மடுவத்தில் நிறுக்காமல் கொழுந்து ஃபெக்டரிக்குப் போகாது அல்லவா, அதுபோல போர்ட்-ஃபார்வர்டைத் தவிர எல்லாம் என்வாய் வழியாகத்தான். அப்புறம் என்வாய் அதை உங்கள் புரோகிராமிடம் ஒப்படைக்க வேண்டும். முன்பெல்லாம் 127.0.0.1-க்கு அனுப்பியது. 2021-ல் வந்த இஸ்டியோ 1.10 முதல் பாடின் ஐபி முகவரிக்கே அனுப்புகிறது. அந்த முகவரியில் உங்கள் புரோகிராம் லிசன் செய்யாவிட்டால் இணைப்பு மறுக்கப்பட்டு 503 ஆகிவிடும். பழைய பாடங்களைப் பார்த்து அமைத்தவர்கள் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். நானும் இரண்டு இரவுகளை இதில் தொலைத்திருக்கிறேன்.

புரோகிராம் உங்களுடையது என்றால் 0.0.0.0:8080-ல், அதாவது பாடின் எல்லா முகவரிகளிலும், லிசன் செய்ய வையுங்கள். ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான். நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

புரோகிராமின் கோடு உங்கள் கையில் இல்லையென்றால், அந்த ப்ராக்ஸிக்கு விதி சொல்லும், அதே சைட்கார் என்ற பெயருடைய இஸ்டியோ அமைப்பு வளத்தை எழுதுங்கள். அதில் வொர்க்லோட்செலக்டரில் நிறுவைச் சேவையின் லேபிளைக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் விதி அந்த நேம்ஸ்பேஸ் (சேவைகளைப் பிரித்து வைக்கும் தொகுதி) முழுவதற்கும் பாயும். பிறகு இன்கிரஸ் பகுதியில் போர்ட் எண் 8080, புரோட்டோகால் எச்டிடிபி, டிஃபால்ட்எண்ட்பாயிண்ட் 127.0.0.1:8080. இங்கே எழுதும் போர்ட் எண் குபெர்னெட்டீஸ் சர்வீஸ் அமைப்பின் டார்கெட்போர்ட்டோடு (பாடில் கோரிக்கை போய்ச் சேரும் போர்ட்) ஒத்துப்போக வேண்டும். சேவைக்கு வேறு போர்ட்டுகளும் இருந்தால் அவற்றையும் இன்கிரஸில் சேருங்கள்.

ஆனால் எழுதுமுன் ஒன்றை விசாரியுங்கள். சில புரோகிராம்கள் நிர்வாகப் பக்கங்களை வேண்டுமென்றேதான் லோக்கல்ஹோஸ்டில் ஒளித்து வைக்கும். அப்படிப்பட்ட போர்ட்டை இந்த வழியில் திறந்துவிடாதீர்கள்.

சர்வீஸில் போர்ட்டின் பெயரை 'எச்டிடிபி' என்று தொடங்குங்கள். புரோட்டோகாலை ஊகிக்கும் வேலை இஸ்டியோவுக்கு இருக்காது. கிளஸ்டருக்கு வெளியிலிருந்து, உதாரணமாகத் தோட்டத்து ஆபீஸிலிருந்து, வர வேண்டுமென்றால் அதற்கு கேட்வேயும் விர்ச்சுவல்சர்வீஸும் தேவை. அது வேறு கதை.

ஒன்று மட்டும் விட வேண்டாம். இஸ்டியோ இயல்பாகப் பெர்மிசிவ் நிலையில் இருக்கும். சைட்கார் இல்லாத பாடும் மறைகுறியாக்கம் இல்லாமல் உங்கள் சேவையைக் கூப்பிடலாம். நீங்கள் பதிவது கொழுந்து எடுக்கும் அம்மாமாரின் அன்றைய கிலோ. முழுப் பேரா அரைப் பேரா என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே பியர்ஆதன்டிகேஷன் என்ற இஸ்டியோ அமைப்பில் ஸ்ட்ரிக்ட் (மறைகுறியாக்கம் கட்டாயம்) போடுங்கள். போட்டபின் சைட்கார் இல்லாத ஒரு பாடிலிருந்து கர்ல் (கோரிக்கை அனுப்பும் கட்டளை) அடித்துப் பாருங்கள்: இணைப்பு முறிய வேண்டும். பேர்க் கணக்குச் சேவையிலிருந்து அடித்தால் 200 (வெற்றி) வர வேண்டும். இரண்டும் சரி என்றால் தோட்டங்களுக்குக் கொடுக்கலாம்.