வாசகர் கேள்வி – பதில்: கலை நூல்களைப் படிக்கும்போது

கேள்வி: எனக்கு ஓவியப் பயிற்சி எதுவும் இல்லை. உலகக் கலை வரலாறு பற்றிய கனத்த நூல் ஒன்றைத் தொடங்கி, குகை ஓவியங்களைத் தாண்டி எகிப்து வரை வந்ததும் மூடிவைத்துவிட்டேன். கலை நூல்களை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குகையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும், ஏற்கெனவே சில நூறு படங்களையாவது பார்த்துப் பழகியவருக்கு அவற்றை வரிசைப்படுத்திக் காட்டுபவை. பார்த்தே இராத படங்களை வரிசைப்படுத்திக்கொண்டு என்ன செய்வது? ஆகவே, ஏதோ ஒரு காரணத்தால் உங்களுக்குப் பிடித்துப்போன ஓவியர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரே எழுதியது ஏதேனும் கிடைக்குமானால் அதிலிருந்து தொடங்குங்கள். நான் வழக்கமாகப் பரிந்துரைப்பது வின்சென்ட் வான்காவின் கடிதங்களை. அவர் எழுதியவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் 800க்கும் மேற்பட்ட கடிதங்களில் பெரும்பகுதி தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. 1890 ஜூலையில் அண்ணனும், அடுத்த ஆறு மாதங்களில் தம்பியும் இறந்துபோக, தியோவின் மனைவி ஜோஹன்னா அக்கடிதங்களைத் தொகுத்து 1914இல் வெளியிட்டார்.

இவற்றைப் படங்களை அருகில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். 1888 அக்டோபரில், பிரான்சின் ஆர்ல் நகரில் தம் படுக்கையறையை வரைந்துகொண்டிருந்தபோது, வான்கா தியோவுக்கு எழுதிய கடிதத்தில் ஒவ்வொரு பொருளின் நிறத்தையும் தனித்தனியே குறிப்பிடுகிறார்: சுவர்கள் வெளிர் ஊதா, தரை செவ்வோடு, கட்டிலும் நாற்காலிகளும் வெண்ணெய் மஞ்சள், போர்வை செஞ்சிவப்பு. இதைப் படித்துவிட்டு, ஆம்ஸ்டர்டாம் வான்கா அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தின் அச்சுப்படத்தைப் பார்த்தால், சுவர்கள் நீலமாக இருக்கின்றன. அச்சகத்தாரின் கோளாறு என்றே முதலில் தோன்றும். உண்மையில், ஊதாவை வருவிப்பதற்காக நீலத்தோடு அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு நாளடைவில் மங்கிவிட, நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊதாவும் மஞ்சளும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் எதிர்நிறங்கள். அந்த இணையை மனத்தில் வைத்தே, பார்ப்பவருக்கு ஓய்வுணர்வைத் தரும் அறை ஒன்றை வரைய அவர் முயன்றார். கடிதம் மட்டும் நமக்குக் கிடைக்காமல் போயிருந்தால், அந்த நீலச் சுவர்களின் உட்பொருளை விளக்கி யாரேனும் ஒருவர் ஓர் அத்தியாயமே எழுதித் தள்ளியிருப்பார்.

எனவே எந்த நூலானாலும், படத்தை முதலில் சற்று நேரம் பார்த்து, கண்ணில் பட்டதை மனத்தில் குறித்துக்கொண்டு, பிறகு விளக்கத்தைப் படித்து, மீண்டும் படத்துக்கே திரும்புங்கள். விளக்கத்தை முதலில் படித்தவர்கள், அதில் சொல்லியிருப்பதை மட்டுமே படத்தில் தேடிக் கண்டுபிடித்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத ஓவியங்களை நூலில் மட்டும் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டதாகச் சொல்லலாமா?

பதில்: படத்தின் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் அளவுகளையும் படிப்பவராக இருந்தால், ஓரளவுக்குச் சொல்லலாம். உருகி வழியும் கடிகாரங்களைக் கொண்ட சல்வதோர் தாலியின் புகழ்பெற்ற ஓவியம் 24 × 33 செ.மீ. அளவுடையது. பிக்காசோவின் குவர்னிகாவோ ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்டது. நூலில் இரண்டுக்கும் அரைப்பக்கம்தான். அளவுகோலை எடுத்து மேசைமீது 24 × 33 செ.மீ. குறித்துப் பாருங்கள், உங்கள் கையிலிருக்கும் கலை நூலின் ஒரு பக்கம் அளவுக்குத்தான் இருக்கும். அதன்முன் நாம் குனிந்து பார்ப்போம், குவர்னிகாவின்முன் பின்வாங்கி நிற்போம். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி தூரிகைத் தடங்களை அழகாகக் காட்டுகிறது என்றாலும், அளவு பற்றிய உணர்வை அது மேலும் குழப்பிவிடுகிறது.

கேள்வி: ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளில் வரும் சுவையான நிகழ்ச்சிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: சுவை கூடக்கூட நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை நூல்களுக்கு முன்னோடியான ஜார்ஜோ வசாரி, 1550இல் வெளியிட்டு 1568இல் விரிவாக்கிய தம் தொகுப்பில், ஆந்த்ரேயா தெல் கஸ்தான்யோ என்னும் ஓவியர், எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் அறிந்திருந்த டொமெனிகோ வெனெசியானோமீது பொறாமை கொண்டு அவரைக் கொன்றுவிட்டதாக எழுதினார். இக்கதை நெடுங்காலம் நம்பப்பட்டது. பிற்காலத்தில் ஆவணங்களைப் புரட்டியபோது, கொலை செய்ததாகச் சொல்லப்பட்டவர் 1457இலேயே இறந்துவிட்டார் என்பதும், கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்டவர் 1461 வரை உயிரோடு இருந்தார் என்பதும் தெரியவந்தன!

அதற்காக வசாரியை ஒதுக்கிவிடாதீர்கள். அவரே ஓவியர், கட்டடக் கலைஞர். சுவரில் பூசிய சாந்து ஈரமாக இருக்கும்போதே அன்றைய பகுதியை வரைந்து முடித்துவிட வேண்டிய நெருக்கடியைப் பற்றி அவர் எழுதும்போது, தம் கை அறிந்ததை எழுதுகிறார். கொலையைப் பற்றி எழுதும்போது, பிறர் சொல்லிக் கேட்டதை எழுதுகிறார். இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால், வாழ்க்கை வரலாறு எதையும் தாராளமாகப் படிக்கலாம்.

கேள்வி: பழைய கலை வரலாற்று நூல்களில் பெண் ஓவியர்களே காணப்படவில்லையே, ஏன்?

பதில்: இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஐரோப்பியக் கலைக்கழகங்களில் ஆடையற்ற மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்புகள் நெடுங்காலம் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. அப்பயிற்சி இல்லாமல், அன்று உயர்ந்தவையாகக் கருதப்பட்ட புராண, வரலாற்று ஓவியங்களை வரைவது அரிது என்பதை லிண்டா நாக்லின் 1971இல் எழுதிய கட்டுரை விரிவாகக் காட்டியது. மற்றது, வரைந்தவர்களும் காணாமற்போனது. 1660இல் இறந்த டச்சு ஓவியர் ஜூடித் லெய்ஸ்டரின் படங்கள் பிற்காலத்தில் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவையாகக் கைமாறிக்கொண்டிருந்தன. ஜே, எல் என்னும் எழுத்துகளோடு ஒரு விண்மீனையும் சேர்த்த அவரது முத்திரைக் கையொப்பத்தை 1893இல் ஓர் ஆய்வாளர் அடையாளம் கண்டு சொன்ன பிறகே அவர் பெயர் மீண்டது. கலை வரலாற்று நூலைக் கையில் எடுத்ததும் பதிப்பாண்டையும் பெயரகராதியையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: டிசைன் பற்றிய நூல்கள் அத்தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. ஆனால் அவற்றைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து படித்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பது குறித்து ஜோசப் ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாணவர்களுக்கு வண்ணக் குழம்பைவிட வண்ணத் தாள்களையே விரும்பிக் கொடுத்தார். குழைத்த வண்ணம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறிவிடும், தாளில் அதே நிறம் மாறாமல் திரும்பக் கிடைக்கும். நீங்களும் ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரு சிறு துண்டுகளை வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின்மேல் இருப்பது வெளிறியும் வெள்ளையின்மேல் இருப்பது அடர்ந்தும் தெரியும். இரண்டையும் எடுத்து ஒட்டி வைத்துச் சரிபார்த்த பிறகும், திரும்ப அதே இடங்களில் வைத்ததும் கண் மறுபடி ஏமாறும். இந்நூலில் எழுத்து குறைவு, படங்களும் பயிற்சிகளும்தான் மிகுதி. ஆகையால் வாங்கும்போது, வண்ணப்படங்களைக் குறைத்து வெளியான சிறு பதிப்புகளைத் தவிர்த்து, அவை முழுமையாக உள்ள பதிப்பையே கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு கத்தரிக்கோலும்.