தட்டையும் உருண்டையும்

அன்புள்ள ஐயா,

முதல் நாவல் எழுதுகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. எழுதியவரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாயகன் ஒரு கணக்கர், ஏட்டில் ஒரு பொய்கூட எழுதாதவர். பணம் கையாடிய ஓர் இளம் உதவியாளனைக் காப்பாற்ற அந்த அத்தியாயத்தில் முதல்முறையாகப் பொய்க்கணக்கு எழுதுகிறார். படித்த நண்பர்கள் இருவருமே நம்பமுடியவில்லை என்கிறார்கள். அவருடைய இளமைக்காலம் பற்றி 14 பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு நினைவோட்டத்தை அங்கே சேர்த்தும் பார்த்தேன், பயனில்லை. ருஷ்யக் கதை ஆய்வாளர் ப்ராப் சொல்லும் ஏழு பாத்திர வகைகளில் இவர் எதில் வருவார்? ஜெர்மன் எழுத்தாளர் ஃப்ரைடாக் சொல்லும் ஐந்து பகுதி அமைப்பில் உச்சம் எத்தனையாவது பக்கத்தில் வரவேண்டும்? துணைப்பாத்திரங்கள் எல்லாம் தட்டையாக இருக்கின்றன. அவர்களை எப்படி உருண்டையாக்குவது?

ம.

*

அன்புள்ள ம.,

இரண்டு கேள்விகளை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ப்ராப் 1928ல் வெளியிட்ட ஆய்வு ருஷ்ய மாயக்கதைகளைப் பற்றியது. அவர் சொல்லும் ஏழும் மனித வகைகள் அல்ல, அந்தக் கதைகளுக்குள் நடந்தாகவேண்டிய வேலைகள். ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கலாம், ஒரு வேலையை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். உங்கள் கணக்கரை அதில் எங்கே வைத்தாலும் அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது. ஃப்ரைடாக் 1863ல் எழுதியது ஐந்தங்க நாடகத்தைப் பற்றி. அவருடைய அமைப்பில் உச்சம் நடுவில், மூன்றாம் அங்கத்தில் வருகிறது. பலர் நினைப்பதுபோலக் கடைசியில் அல்ல. நாவலுக்குப் பக்க எண்ணை அங்கே தேடாதீர்கள்.

தட்டை, உருண்டை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் உங்கள் மீது மட்டுமல்ல. இந்தச் சொற்களை 1927ல் தந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர். தட்டைப் பாத்திரம் ஒரே குணத்தில் அடங்கிவிடுவது; அது தோற்றுப்போன பாத்திரம் என்று அவர் சொல்லவில்லை. வந்தவுடன் அடையாளம் தெரியும், படித்து முடித்தபின்னும் மறக்காது என்று அதன் பலன்களைத்தான் சொன்னார். டிக்கன்ஸின் மனிதர்களில் ஏறத்தாழ எல்லாருமே தட்டைதான், ஆனாலும் அந்த உலகம் ஆழமாகத் தெரிகிறதே என்று வியக்கவும் செய்தார். உங்கள் வாயிற்காவலர் ஒரே வாக்கியத்தோடு வந்து போகட்டும். அவருக்கு ஒரு சோகக்கதை கொடுத்துத் தொலைக்காதீர்கள். எல்லாரும் உருண்டு திரண்டு நின்றால் வாசகனுக்கு யாரைப் பார்ப்பதென்று தெரியாது.

உருண்டைக்கு ஃபார்ஸ்டர் வைத்த சோதனை ஒன்றுதான்: அந்தப் பாத்திரம் நம்மை வியக்கவைக்கவேண்டும், அந்த வியப்பை நாம் நம்பவும் வேண்டும். வியக்கவே வைக்காதது தட்டை. வியக்கவைத்தும் நம்பமுடியாதது, உருண்டையாக நடிக்கும் தட்டை. உங்கள் கணக்கர் இப்போது இந்த மூன்றாவது இடத்தில் நிற்கிறார். நண்பர்கள் சொன்னது சரி.

இளமைக்கால நினைவோட்டம் ஏன் உதவவில்லை? அது பொய்க்கு அரைப்பக்கம் முன்னால் வருகிறது. காரணம் தேவைப்பட்ட இடத்திலேயே காரணம் முளைத்தால், ஆசிரியர் அவசரத்துக்குக் கொண்டுவந்து ஒட்டியது என்று வாசகனுக்கு உடனே தெரிந்துவிடும். தவிர, அது அவருக்கு யாரோ செய்தது. வாசகன் நம்புவது அவர் தானாகச் செய்ததை. 14 பக்கத்தில் அவருக்கு நேர்ந்தவை அத்தனையும் இருக்கும், அவர் எடுத்த முடிவு ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணிப்பாருங்கள்.

விதையை ஆறாம் அத்தியாயத்தில் போடுங்கள். மாதக்கடைசி இரவு. கணக்கில் 36 இடிக்கிறது. 36 ஒன்பதால் வகுபடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அவர் முதலில் புரட்டுவது உதவியாளன் எழுதிய பக்கங்களை. அங்கே இல்லை. கடைசியில் தன் கையெழுத்திலேயே கண்டுபிடிக்கிறார்: 73 என்று இருக்கவேண்டிய இடத்தில் 37. முறை என்ன? தப்பை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். அவர் பிளேடை எடுத்துத் தாளைச் சுரண்டுகிறார். 73 என்று எழுதுகிறார். துகளை ஊதிவிட்டு ஏட்டை மூடுகிறார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை வழக்கம்போல வேலை நடக்கட்டும்.

அங்கே ஒரு வரி விளக்கம் எழுதினாலும் காட்சி செத்துவிடும். "அவர் மனம் உறுத்தியது" என்று எழுதினால் வாசகன் அதைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். எழுதாவிட்டால், முதிய மனிதரின் கர்வம் என்று நினைத்துக் கடந்துபோவான். அப்படிக் கடந்துபோவதுதான் நமக்கு வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே பிளேடு கைக்கு வரும்போது அவன் திடுக்கிடுவான், அடுத்த கணமே அந்த இரவை நினைத்துக்கொள்வான். ஆறில் சுரண்டியது தன் பெயரைக் காக்க, ஒன்பதில் சுரண்டுவது இன்னொருவனுக்காக. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருந்தால் ஒன்பதாம் அத்தியாயம் வெறும் எதிரொலி. காரணம் மாறியதால் அவர் வளர்ந்திருக்கிறார். வளர்ந்தாரா சரிந்தாரா என்று வாசகன் குழம்பினால் இன்னும் நல்லது.

இன்னொரு விதை இரண்டாம் அத்தியாயத்தில் போதும்: அவர் நேர்மை யாரையாவது நோகடிக்கவேண்டும். நேற்றைய தேதி போட்டிருக்கிறது என்று ஒரு முன்பணச் சீட்டை ஏற்காமல் அதே உதவியாளனிடம் திருப்பிக் கொடுக்கட்டும். மூன்றாவது விதை வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். போட்டபின் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தை மறைத்துவிட்டு ஆறாம் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். அந்த இரவுக்காட்சி அங்கேயே எதையாவது சொல்கிறதா? பின்னால் வருவதற்காக மட்டுமே நிற்கிறது என்றால் எடுத்துவிட்டு வேறொன்று யோசியுங்கள்.

நீங்கள் கேட்ட கதையமைப்பும் இதற்குள்தான் இருக்கிறது. எதிர்பாராமல் நிகழவேண்டும், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று விளைந்ததாகவும் இருக்கவேண்டும் என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்கிறார். அங்கே ஈடிபஸ் என்ற கிரேக்க நாடகத்தை அவர் உதாரணம் காட்டுவதைப் பாருங்கள். கொரிந்திலிருந்து வந்த தூதன், தாயை மணந்துவிடுவோமோ என்ற ஈடிபஸின் அச்சத்தைப் போக்கத்தான் வாய் திறக்கிறான். அவன் சொல்லும் ஆறுதலே ஈடிபஸ் யாரென்று காட்டிக்கொடுக்கிறது. திருப்பமும் தெரிந்துகொள்ளுதலும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. வெளியிலிருந்து விபத்தோ புயலோ வரவில்லை.

உங்கள் பத்தாம் அத்தியாயம் ஏன் எழுத வரவில்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கும். ஒன்பதில் நடந்ததற்கு விலை எதுவும் இல்லை. சுரண்டிய எண்ணால் ஏட்டின் கூட்டுத்தொகை மாறும், அதைச் சரிக்கட்ட அடுத்த பக்கத்தில் இன்னொரு எண்ணை மாற்றவேண்டும், பிறகு ஒரு ரசீது காணாமல் போகவேண்டும். ஒவ்வொன்றையும் அவரே முடிவுசெய்து செய்யட்டும். திரும்பிப்போகும் வழி ஒவ்வொன்றாக அடைபடட்டும். உதவியாளனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீங்கள் முதலில் தீர்மானியுங்கள்.

நல்ல கரு உங்கள் கையில் கிடைத்திருக்கிறது, ம. ஒன்பதாம் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். ஆறாம் அத்தியாயத்தின் அந்த இரவை மட்டும் மூன்று பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.