ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் ஏன் டிரா?

நீங்கள் அனுப்பிய செஸ் ஆட்டத்தின் கடைசி நிலையைப் பார்த்தேன். இருவருக்கும் ஆளுக்கொரு யானை, வெள்ளைக்கு மட்டும் ஐந்தாவது வரிசையில் ஒரு சிப்பாய். அங்கேயே டிராவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். "ஜெயிக்க வேண்டியதை வெள்ளை ஆடியவர் ஏன் விட்டுக்கொடுத்தார், முன்பே பேசிவைத்துக்கொண்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. இது 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு செஸ் மேதை பிலிடோர் அலசிக் காட்டிய டிரா.

கறுப்பு ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறது. கறுப்பு யானை, வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணினால், ஆறாவது வரிசையைக் காவல் காக்கிறது. அதனால் வெள்ளை ராஜா அந்த வரிசைக்கு ஏற முடியாது. சரி, சிப்பாயை ஆறுக்குத் தள்ளலாமே என்றால், அந்த நொடியே கறுப்பு யானை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பித்துவிடும். வெள்ளை ராஜா ஒளிய வேண்டிய கட்டத்தில் இப்போது அதன் சொந்தச் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது! சிப்பாய் நகரும் முன்பே கறுப்பு தன் யானையை இறக்கினால்தான் ஆபத்து. பலரும் தவறுவது அங்கேதான்.

இருவருக்குமே இது மனப்பாடம், அதனால் கைகுலுக்கிவிட்டார்கள். ஆனால் எல்லோரும் அப்படி விடுவதில்லை. 2018 லண்டன் உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் கார்ல்சன், அவருக்குச் சவால்விட்ட கருவானாவுக்கு எதிராக யானை இறுதியாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு இழுஇழுவென்று இழுத்தார். 115 நகர்த்தல்கள், முடிவு டிராதான்.

நம் மட்டத்தில் எதிராளிக்கு இது தெரியுமா என்று சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை. நானாக இருந்தால் ஆடியிருப்பேன்.