தவறாமல் கட்டுகிறேன், கடன் ஏன் குறையவில்லை?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து மூன்று மாத வீட்டுச் செலவு அளவுக்குப் பாக்கி இருக்கிறது. மாத வட்டி 3 சதவீதம். மினிமம் டியூவை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டுகிறேன். இரண்டு வருடமாக இப்படித்தான். ஆனாலும் பாக்கி அசையவே இல்லை. வங்கியில் சேமிப்பாக மூன்று மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. அதைத் தொட மனம் வரவில்லை. கணவர் மாலையில் இன்னொரு வேலை பார்க்கட்டுமா என்கிறார். அலுவலகத் தோழி, 10 சதவீத வட்டிக்கு பர்சனல் லோன் வாங்கி கார்டுகளை அடைத்துவிடு என்கிறாள். இதற்கு நடுவில் கொழுந்தனார் தன் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நாள் தவறாமல் கட்டுகிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அது பெரிய பலம். அதற்கான பலன் உங்கள் கைக்கு வராமல் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் திருப்பிவிடப் புதிதாக வருமானம் தேட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை.

முதலில் மினிமம் டியூவை, அதாவது பில்லில் குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டுங்கள் என்று வருகிற தொகையைப் பார்ப்போம். பல கார்டுகளில் அது மொத்தப் பாக்கியில் 5 சதவீதம் அளவில் இருக்கும். உங்கள் பாக்கியை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முடியும்போது 3 வட்டி சேர்ந்து 103 ஆகிறது. அதில் 5 சதவீதம், அதாவது 5.15 கட்டுகிறீர்கள். மிச்சம் 97.85. கட்டிய ஐந்தில் மூன்று வட்டிக்கே போய்விட்டது. அடுத்த மாதம் 97.85-இலிருந்து அதே கதை. இப்படி ஒரு வருடம் கட்டினால் உங்கள் கையை விட்டுப் போனது ஏறக்குறைய 55. பாக்கி குறைந்தது 23. மீதி 32 வட்டி. பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறைந்துகொண்டே வருவதால் கடன் இழுத்துக்கொண்டே போகும். அதே 100 பாக்கிக்கு மாதாமாதம் 10 என்று நிலையாகக் கட்டிப் பாருங்கள்: ஒரு வருடமும் சில நாளும் ஆனால் கடனே முடிந்துவிடும், வட்டி 21-ஐத் தாண்டாது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. மினிமம் மட்டுமே கட்டினாலும், இரண்டு வருடத்தில் 100 என்பது 59-க்கு இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு அசையவே இல்லை. அப்படியென்றால் ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் அந்தக் கார்டுகளில் தேய்த்துக்கொண்டும் இருக்கிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டின பிறகு கையில் பணம் தட்டுப்பட்டால் மாதக் கடைசிச் செலவைக் கார்டில் போடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்டில் வாங்கினால் கெடு தேதி வரை வட்டி கிடையாது என்று சொல்கிறார்களே, அந்தச் சலுகை பொதுவாகப் போன பில்லை முழுசாகக் கட்டியவர்களுக்கு மட்டும்தான். பாக்கி வைத்திருப்பவர் இன்றைக்கு ஒரு சோப்பு வாங்கினால் அதற்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் ரொக்கமாக எடுப்பது அதைவிட மோசம்: எடுத்த நாளிலிருந்து வட்டி, கட்டணம் தனி.

மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்ன எண். வட்டிக்கு வட்டி ஏறி வருடத்துக்கு அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதக் கணக்கில் யார் வட்டி சொன்னாலும் உடனே வருடக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். மாதம் 3 சதவீதம் என்றால் 24 மாதம். 1494-இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி எழுதிவைத்த சூத்திரம் இது. கடனுக்கும் பொருந்தும், சேமிப்புக்கும் பொருந்தும். உங்கள் சேமிப்புக் கணக்கின் வட்டியையும் இப்படி வகுத்துப் பாருங்கள். எத்தனை வருடம் வருகிறது என்று பார்த்ததும், அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்ற எண்ணம் தானாகவே தளரும்.

ஆமாம், சேமிப்பைத் தொடத்தான் சொல்கிறேன். ஒரு கையில் சொற்ப வட்டிக்குப் பணத்தைப் போட்டுவைத்து, இன்னொரு கையில் 42 சதவீதத்துக்குக் கடன் வைத்திருப்பது நிம்மதி போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். மூன்று மாதச் சேமிப்பில் இரண்டு மாத அளவை எடுத்து இந்த வாரமே கடனில் கட்டிவிடுங்கள். வட்டி அதிகமான கார்டு எதுவோ அது முதலில். இரண்டிலும் ஒரே வட்டி என்றால் பாக்கி குறைவாக இருப்பதை முடியுங்கள். ஒரு பில் குறைந்தால் மனசுக்கும் ஒரு தெம்பு வரும்.

முழுவதையும் கட்டச் சொல்லாமல் ஒரு மாதத்தை ஏன் விட்டுவைக்கிறேன்? வண்டி நின்றுபோகும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மிக்ஸி எரிந்துபோகும். அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லையென்றால் கை நேராகக் கார்டுக்குத்தான் போகும்.

இப்போது உங்கள் பாக்கி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அடுத்த பில்லில் மினிமம் டியூ குறைந்து வரும். அதைப் பார்த்துக் கட்டுவதைக் குறைத்துவிடாதீர்கள். இதுவரை இரண்டு கார்டுக்கும் சேர்த்து எவ்வளவு கட்டினீர்களோ அதையே தொடருங்கள். கூடுதலாக எதுவும் போடாமலே ஏழெட்டு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். இதற்கு ஒரே நிபந்தனை, அதுவரை கார்டில் எதையும் வாங்கக் கூடாது. இரண்டையும் பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். செல்போன் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்களை அழித்துவிடுங்கள். சந்தா ஏதாவது கார்டிலிருந்து தானாகப் போகிறதா என்று ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பாருங்கள். எப்போதோ சேர்ந்துவிட்டு மறந்துபோன சந்தா ஒன்றிரண்டு பெரும்பாலும் அகப்படும்.

கடன் முடியும்வரை ரொக்கமாகவோ கணக்கில் இருக்கும் பணத்திலோதான் வாங்குங்கள். இதுவும் சும்மா சொல்வதல்ல. ட்ராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். 2001-இல் வெளியான முடிவின்படி, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைவிட இரண்டு மடங்கு வரைகூடத் தரத் தயாராக இருந்தார்கள். டிக்கெட் அதேதான். எண்ணிக் கொடுக்கும்போது இருக்கிற தயக்கம் தேய்க்கும்போது இருப்பதில்லை.

தோழி சொன்ன பர்சனல் லோனுக்கு வருகிறேன். '10 சதவீதம்' என்றதும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஃபிளாட் ரேட்டா, குறைந்துவரும் அசலுக்கு வட்டியா? 12,000 கடனை ஒரு வருடத்தில் கட்ட, 10 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 1,200, மாதத் தவணை 1,100. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆறாவது மாதத்தில் அசலில் ஏறக்குறைய பாதியை நீங்கள் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அப்போதும் முழு 12,000-க்கும் வட்டி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளபடி கணக்குப் போட்டால் வட்டி வருடத்துக்கு சுமார் 18 சதவீதம். பிராசஸிங் கட்டணம் இருந்தால் அது இன்னும் ஏறும்.

அந்த 18-ம்கூட கார்டு வட்டியைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. கையில் சேமிப்பே இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் அந்த லோனை யோசிக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்குத் தேவையில்லை. லோனில் எனக்கு இருக்கிற பயம் வேறு: லோன் வந்ததும் இரண்டு கார்டும் பாக்கியில்லாமல் சுத்தமாக நிற்கும். முழு லிமிட்டும் திறந்திருக்கும். செலவுப் பழக்கம் மாறாமல் இருந்தால் ஒரு வருடத்தில் லோன் தவணையும் கார்டு பாக்கியும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

கணவரின் மாலை வேலை பற்றி. உழைக்கத் தயாராக இருக்கும் அவருடைய மனசுக்கு என் மரியாதை. ஆனால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: கிடைக்கும் தொகையிலிருந்து போக்குவரத்து, வெளியில் சாப்பிடும் செலவு, வரி எல்லாம் கழித்து, போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்து மணிக் கணக்கில் வகுத்தால் என்ன வருகிறது? சில சமயம் அந்த எண் வருத்தப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். அதற்கு முன்னால் இப்போதைய வேலையிலேயே சம்பள உயர்வு கேட்டாரா? கடந்த ஒரு வருடத்தில் தான் செய்த வேலைகளை, நிறுவனத்துக்கு மிச்சப்படுத்திய நேரத்தையும் பணத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாரா? பலர் இதைக் கேட்காமலே வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். ஏறிய சம்பளம் மாதாமாதம் வரும், மாலைப் பொழுதும் வீட்டுக்கு மிஞ்சும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் மாலை வேலைதான் என்றால் போகட்டும். அதற்கு ஒரு முடிவு தேதி வையுங்கள். கடன் தீரும் மாதம் போதும். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அந்தப் பணம் எதற்கு என்று இருவரும் முடிவு செய்துவிடுங்கள். இடம் ஒதுக்காத பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடும், எங்கே போனதென்றே தெரியாது.

சேமிப்புக்கும் அதேதான். மிஞ்சினால் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது; இரண்டு சம்பளம் வந்தும் ஒன்றும் நிற்பதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கடன் முடிந்த மறு மாதம், கார்டுக்குக் கட்டிவந்த அதே தொகை சம்பளம் வரும் நாளிலேயே தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுங்கள். இத்தனை நாள் அந்தத் தொகை இல்லாமல்தானே குடும்பம் நடத்தினீர்கள்? புதிதாக எதையும் குறைக்க வேண்டியதில்லை. முதலில் எடுத்த இரண்டு மாதச் சேமிப்பை நிரப்புங்கள், அப்புறம் ஆறு மாதச் செலவு அளவுக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வாங்காதீர்கள்.

இதை ஒருபடி மேலே கொண்டுபோக ஒரு வழி உண்டு. ரிச்சர்ட் தாலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் ஊழியர்களிடம், இப்போது எதுவும் வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதியைச் சேமிக்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. கையில் வந்து பழகிய பணத்தைக் குறைப்பதுதான் வலி. இன்னும் வராத பணத்திலிருந்து எடுத்துவைத்தால் யாருக்கும் வலிப்பதில்லை. உங்கள் இருவரின் அடுத்த உயர்விலும் பாதியை இன்றே அந்தத் தனிக் கணக்குக்கு எழுதிவையுங்கள்.

கடன் தீர்ந்ததும் கோபத்தில் இரண்டு கார்டையும் ஒரே நாளில் ரத்து செய்ய வேண்டாம். நெடுநாள் ஒழுங்காகக் கட்டிய வரலாறு உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது. பழைய கார்டை வைத்துக்கொண்டு, ஆண்டுக் கட்டணம் அதிகமான மற்றதை மூடலாம். வைத்துக்கொண்டதில் லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாங்கி, பில் முழுவதும் தானாகக் கட்டப்படும்படி செய்யுங்கள். 'மினிமம்', 'முழுத் தொகை' என்று இரண்டு தேர்வு வரும் இடத்தில் கவனம்.

கடைசியாக உங்கள் கொழுந்தனார் கேட்ட கையெழுத்து. ஜாமீன் போடுவதைப் பலர் ஒரு நல்லெண்ணச் சான்றிதழ் போல நினைக்கிறார்கள். அவர் கட்டத் தவறினால் வட்டி, அபராதத்தோடு மொத்தத்தையும் உங்களிடம் கேட்க வங்கிக்கு உரிமை தரும் கையெழுத்து அது. நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், அவருடைய கடனும் உங்கள் சுமையாகக் கணக்கில் வரலாம். உங்கள் கடனே தீராத நிலையில் இது வேண்டாம். ஆனால் இதை நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் கணவரே தம்பியை உட்காரவைத்துச் சொல்லட்டும். "எங்களுக்கே கார்டு கடன் இருக்கிறது, அது முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். உதவியே ஆக வேண்டும் என்றால், திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கும் அளவுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். அதையும் அந்த ஒரு மாதச் சேமிப்பிலிருந்து எடுக்காதீர்கள்.